பூந்திக்குப் பச்சைக் கறி

மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் மனிதர் ஹாலாஸ்யம் ஐயர். நான் அங்கே ரைட்டராகச் சேர்ந்து, நாற்காலியில் உட்காருவது இன்னும் பழகாத காலம். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவரே கிடையாது. அப்படிப் படித்துவிட்டு வந்தவனுக்கு மதுரையில் முதலில் அகப்பட்டது, காளைக்கும் ஜட்கா குதிரைக்கும் பெயர் பதிகிற வேலை. அதில் எனக்கு வருத்தமில்லை. சர்க்கார் வேலை சர்க்கார் வேலைதான்.

கோடைக்காலம். வேப்பமரத்தடியில் வண்டிக்காரர்கள் மாடுகளோடு நின்றார்கள். மூங்கில் கூடையொன்றை ஈரத்துண்டால் மூடி, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஐயர் வந்தார். வண்டிக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"என்ன சாமி, பாம்பா?" என்றான் ஒருவன்.

"பூனைடாப்பா."

"பூனைக்கெல்லாம் வைத்தியமா? அதுக்குத்தான் ஒம்பது உசுருங்கிறாங்களே!"

"எட்டு போயிடுத்து. அதான் வந்திருக்கேன்."

எனக்கு அவரை ஏற்கெனவே தெரியும். அதாவது அவருடைய சாம்பாரைத் தெரியும். மேலமாசி வீதியில் கல்யாணராமன் காபி கிளப் என்று ஒன்று. அதன் அடுப்பங்கரை முழுதும் ஹாலாஸ்யம் ஐயர் கையில். உள்ளே பிராமணர்களுக்கு மணைப்பலகை. வெளியே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. பி.ஏ. படித்தவனுக்கும் அந்த பெஞ்சுதான். இரண்டு பக்கமும் ஒரே அண்டாவிலிருந்துதான் சாம்பார் வரும். சாம்பாருக்குச் சாதி கிடையாது, உட்காருகிற பலகைக்குத்தான் உண்டு என்று நான் அங்கே கண்டுகொண்டேன்.

கூடைக்குள்ளிருந்த பூனைக்கு வெள்ளை உடம்பில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. பெயர் பூந்தி. ஒரு கல்யாணச் சமையலுக்குப் போன இடத்தில் மாவுப் பானைக்குள் விழுந்து கிடந்த குட்டியாம். எடுத்துத் துடைத்துக் கரண்டி மூட்டையோடு கொண்டுவந்துவிட்டார். ஐயருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சமைச்சுண்டே இருந்ததுல என் முகூர்த்தம் தவறிப் போயிடுத்து" என்பார். அவர் எதைச் சாப்பிட்டாரோ அதைத்தான் பூனையும் சாப்பிட்டு வளர்ந்தது. பகலில் நெய் விட்ட பருப்பு சாதம், ராத்திரி தயிர் சாதம்.

"நடக்கறபோது நிலையிலே போய் முட்டிக்கறது சார்" என்று என்னிடம் சொன்னார். "மயிர் வேற கொத்துக் கொத்தா உதிர்றது. நான் ஒரு குறையும் வைக்கலே. நெய்யெல்லாம் வெண்ணெய் காய்ச்சின நெய்."

டாக்டர் தெலுங்கு தேசத்துக்காரர். தமிழ் சரளமாக வராது. பூனையின் கண்ணுக்கு நேரே தீக்குச்சியைக் கிழித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கொம்பு முறிந்த காளையிடம் போய்விட்டார். தமிழாக்குவது கம்பவுண்டர் சிவனாண்டியின் பாடு.

"பச்சைக் கறி போடச் சொல்றாரு சாமி. வேக வைக்கப்படாது, உப்புப் போடப்படாது. பொடிப்பொடியா அரிஞ்சு அப்பிடியே போடணும். சோத்தை நிப்பாட்டிருங்க."

"கறி மட்டுமா?"

"கறி மட்டும்தான். அம்புட்டுத்தான் மருந்து."

ஐயர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் காளைக்காரனுடைய ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து அதே கூடை, அதே ஈரத்துண்டு. பூனை இப்போது பாதியாகிவிட்டிருந்தது. ஐயரின் முகமும்தான்.

"டாக்டர் சொன்னபடியே பண்ணினேன். திங்க மாட்டேங்கறது" என்றார். "அவரைக்காய் போட்டேன், புடலங்காய் போட்டேன், பிஞ்சுக் கத்தரிக்காயைக் காம்பு நீக்கிப் போட்டுப் பாத்தேன். பறங்கிக்காயை மட்டும் ரெண்டு தரம் நக்கித்து."

சிவனாண்டி கையிலிருந்த மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தான். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"அய்யோ சாமி! ஒங்க கறி இல்ல சாமி, எங்க கறி! ஆட்டுக் கறி!"

அக்கிரகாரத்தில் கறி என்றால் வாழைக்காயும் சேனையும். எங்கள் வீடுகளில் கறி என்றால் ஆடு. இது மதுரையில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஹாலாஸ்யம் ஐயருக்குக் காதில் விழுந்தது அவருடைய கறி. பிறந்தது முதல் அவர் அரிந்து, தாளித்து, இறக்கிய கறி அதுதான்.

அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பூனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாதத்துனாலயா கண் போச்சு?" என்று கேட்டார்.

"அப்பிடித்தான் சொல்றாரு. அது கறி திங்கிற சாதி சாமி. பருப்புச் சோறு திங்கத் திங்கக் கண்ணு அவியுமாம். இனிமேயும் போட்டா மிச்சமும் போயிரும், அப்பறம் உசுரும் போயிரும்."

"என் கையால சாப்பிட்டவா யாருக்கும் இதுவரைக்கும் வயித்து வலின்னுகூட வந்ததில்லே" என்றார் ஐயர். பூனையை ஈரத்துண்டால் மூடிவிட்டு, "அந்தக் கறியை வாங்கறது வெளியிலே தெரிஞ்சா என் கரண்டி போச்சு. ஒரு பய அடுப்பாண்டை விடமாட்டான்" என்றார்.

கறி வாங்கிக்கொண்டு வந்து கொடுக்க முடியுமா என்று என்னைத்தான் முதலில் கேட்டார். அது என் வேலையல்ல என்று சொல்லிவிட்டேன். சிவனாண்டிக்கு ஒச்சாயி என்று ஓர் அத்தை. கசாப்புக் கடைகளில் ஈரல், குடல், நெஞ்சு வாங்கிக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். ஐயர் குடியிருந்த சந்தின் பின்பக்கமாக அவள் தினமும் உச்சிப்பொழுதில் வந்து கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. அரிவதும் அவள்தான்.

முதல் நாள் பூந்தி ஈரலை மோந்து பார்த்துவிட்டு, அசிங்கத்தை மூடுகிற மாதிரி தரையைப் பிராண்டிவிட்டுப் போய்த் தயிர்ச் சட்டியடியில் படுத்துக்கொண்டதாம். "ஆத்தாடி, ஐயரைவிடப் பூனைக்குல்ல ஆசாரம் கூடிப்போச்சு!" என்று ஒச்சாயி சந்து முழுக்கக் கேட்கச் சிரித்தாள் என்றான் சிவனாண்டி. ஐயர் யோசித்தார். கறித்துண்டின் மேல் துளி நெய் தடவினார். நெய் வாசனைக்கு நக்கியது, நக்கியது கடித்தது. நாளாக ஆக நெய்யைக் குறைத்தார். பிறகு நெய்யே வேண்டியிருக்கவில்லை. புதுக் கறியானால் உடனே தின்றது. நேரமாகி வாடை மாறிவிட்டால் தொடவில்லை. ஈரல் கொஞ்சம், நெஞ்சும் சதையும் நிறைய என்று ஒச்சாயியே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பூனைக்குப் பார்வை அநேகமாக இல்லை. கறியை மூக்கருகில் கொண்டுபோக வேண்டும். கையால் தொடாமலிருக்க ஐயர் கொல்லன் பட்டறையில் ஓர் இரும்பு இடுக்கி செய்து வாங்கியிருந்தார். அதன் சத்தம் கேட்டாலே பூனை பரண்மேல் ஏறிவிடும். ஒரு வாரம் இடுக்கியோடு போராடிவிட்டு அதைத் தூக்கி எறிந்தார். அதன்பின் கைதான்.

கை என்றால் குளியல். தினமும் உச்சிவெயிலில் வீட்டுக்குப் போவார். பூனைக்குக் கறி கொடுப்பார். கிணற்றடியில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொள்வார். ஈர வேட்டியும் பட்டை விபூதியுமாகக் கிளப்புக்குத் திரும்புவார். முதலாளி கல்யாணராமன் கல்லாவில் உட்கார்ந்தபடியே வருகிறவர்களுக்கு அவரைக் காட்டுவார்.

"பாத்தேளா எங்க ஹாலாஸ்யத்தை? மத்தியானமும் ஸ்நானம். இந்தக் காலத்துல எந்தப் பரிசாரகன் பண்றான்? இப்பேர்ப்பட்ட ஆசாரம் காசிக்குப் போனாலும் கிடைக்காது."

அந்தப் பேச்சு வெளியூர்களுக்கும் பரவியது. திவசச் சமையலுக்குக்கூட மடியான கை என்று அவரையே கேட்டு வந்தார்கள். நான் வெளி பெஞ்சில் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். பூந்திக்கு மயிர் முளைத்துவிட்டது. ஒரு கண்ணில் நிழல் தெரிகிறது என்று ஐயர் சொன்னார்.

அடுத்த ஆவணியில், பெரிய வக்கீல் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். சாப்பாடு முழுவதையும் கல்யாணராமன் ஒப்புக்கொண்டிருந்தார். கிளப்பின் பின்கட்டில் கோட்டை அடுப்பு எரிந்தது. உச்சிப்பொழுது கடந்தும் ஐயரால் வீட்டுக்கு நகர முடியவில்லை. நான் பெஞ்சில் இருந்தேன். கறிகாய் வண்டி இன்னும் வரவில்லையென்று கல்யாணராமன் வாசலுக்கும் கல்லாவுக்குமாக அலைந்துகொண்டிருந்தார்.

அப்போது தெருவில் கூடையோடு ஒச்சாயி வந்து நின்றாள்.

"சாமி, சமையக்கார ஐயரு இருக்காரா? எம்புட்டு நேரமா வீட்டு வாசல்ல நிக்கிறது? பூட்டிக் கெடக்கு. கறி கொண்டாந்திருக்கேன், வெயில்ல வதங்குது."

கல்யாணராமன் முகம் மலர்ந்தது. "ஓய் ஹாலாஸ்யம்! கறிகாய் வந்துடுத்து ஓய்! வாம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? நேரே பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டு."

ஒச்சாயி விழித்தாள். ஐயர் கரண்டியோடு ஓடிவந்தார். கூடையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். ஒரு பொய் அவருக்கு எதிரே தயாராக நின்றது. அதை எடுத்துக்கொள்ளவும் செய்தார்.

"வேண்டாம், வேண்டாம். முத்தல். நன்னா இல்லே. எடுத்துண்டு போ."

அதோடு போயிருக்கும். ஆனால் ஒச்சாயி தன் சரக்கை முத்தல் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டுப் பழகாதவள்.

"என்னது, முத்தலா?" கூடையை இடுப்பில் இறக்கினாள். "விடியக்காலம் அறுத்த எளங்குட்டி சாமி இது! நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசாதீக. இம்புட்டு நாளா ஒரு குத்தம் சொல்லியிருக்கீகளா? ஒங்க பூனையைக் கேளுங்க, அது சொல்லும் முத்தலா எளசான்னு!"

உள்ளே மணைப்பலகையில் ஒருவர் கையில் எடுத்த இட்லியைக் கீழே வைத்தார்.

"பூனையா? குட்டியா?" என்றார் கல்யாணராமன். "என்ன கறி ஓய் இது?"

ஐயர் கரண்டியைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இது நம்ம கறி இல்லே. அவா கறி. என் பூனைக்கு."

"தினமும்?"

"தினமும்."

"அந்தக் கையாலயா ஓய் எனக்குச் சாம்பார் வச்சீர்?"

"ஸ்நானம் பண்ணிட்டுத்தான். நீர்தான் ஊரெல்லாம் சொன்னீரே."

ருத்ராட்சப் பூனை என்று உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள். ஒச்சாயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போயே விட்டாள்.

கல்யாணராமன் கெட்ட மனிதரல்ல. குரலைத் தாழ்த்தி, "பூனையைக் கொண்டுபோய் வையைக் கரையிலே விட்டுடும். ஒரு பிராயச்சித்தம் பண்ணிடலாம். மத்தவாளை நான் சமாதானம் பண்ணிக்கறேன்" என்றார்.

"விட்டா அது எங்கே போகும்? கண் தெரியாது."

"தெரியாட்டா உமக்கென்ன?"

"கண் போனது என் சமையலாலே. வேற யாராவது போட்ட சாதமாயிருந்தா விட்டிருப்பேன்."

"அப்போ பூனையா, அடுப்பா? சொல்லும்."

ஐயர் பின்கட்டுக்குப் போனார். கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை இறக்கிப் பெருங்காயம் கரைத்து விட்டார், கொத்தமல்லி தூவினார், கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அந்தச் சாம்பாரை யாரும் கீழே கொட்டவில்லை. வக்கீல் வீட்டுப் பந்தியில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று கேள்வி.

அதன்பின் மதுரையில் எந்த அடுப்பிலும் அவரை விடவில்லை. திவசத்துக்குக் கூப்பிட்டவர்கள் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். "நான் மாமிசம்னு சொல்லித் தொலைச்சிருந்தா காரியம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும் மாப்ள" என்று சிவனாண்டி என்னிடம் சொன்னான். "ஐயரு காதைப் பொத்திக்கிட்டுப் பூனையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாரு. அது செத்துப்போயிருக்கும். அவரு கிளப்புல இருந்திருப்பாரு." இருக்கலாம்.

எனக்கு அப்புறம் தாலுகா ஆபீசுக்கு உத்தியோகம் மாறிற்று. காம்ப் போகிற வழியில் அவரைப் பார்ப்பதுண்டு.

ஹாலாஸ்யம் ஐயர் இப்போது சமயநல்லூரில், மதுரை ரஸ்தாவின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு இட்லியும் சாம்பாரும் விற்கிறார். ஒரே பெஞ்சுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் பார வண்டிக்காரர்கள். யாராவது கறி இருக்கிறதா என்று கேட்டால், "எங்க கறிதான் இருக்கு" என்று சொல்லி வாழைக்காய் வைப்பார். எதிரே சாயபு ஒருவரின் ஆட்டுக்கறிக் கடை. மத்தியானத்தில் இவரே அங்கே போய் வாங்கிவருகிறார், குளிப்பதையும் விடவில்லை. பூந்திக்கு வலக்கண் போனது போனதுதான். இடது கண்ணில் கொஞ்சம் பார்வை இருக்கிறது. போன மாதம் நான் போனபோது, பெஞ்சுக்கடியில் படுத்திருந்தது.