ஐவி கழற்றாத மோதிரம்

மத்தியான ஒத்திகையின்போதுதான் தெல்மா கிளெக் அந்தக் கையைக் கவனித்தாள். ஸ்டூடியோவில் தொங்கிய டிவியில், மார்ச் மாதம் தெருவில் படமாக்கி வைத்திருந்த துண்டு ஓடிக்கொண்டிருந்தது. தட்டச்சுப் பெண் ஐவி டிராம் நிறுத்தத்தில் புருஷனுக்குக் கையசைத்துவிட்டுத் தெருவைக் கடக்கிறாள். காப்பீட்டு அலுவலகத்தின் கனத்த கதவைத் தள்ளுகிறாள். தள்ளிய கையில் கல்யாண மோதிரம் பளிச்சென்று தெரிந்தது.

அந்த இடத்தில் மோதிரம் இருக்கவே கூடாது. அன்றைய கதையே அதுதான். 'நாலாம் மாடிப் பெண்கள்' என்ற அந்த நகைச்சுவைத் தொடர் 1934இல் நடக்கிறது. கல்யாணம் ஆன பெண்ணை அந்த அலுவலகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஐவி யாருக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு, மோதிரத்தை நாடாவில் கோத்துச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாள். அதை மாட்டிவிடுவதும் கழற்றி வாங்குவதும் உடைப் பிரிவில் இருந்த தெல்மாவின் வேலை.

தெருவில் படமெடுத்த அன்றைக்கு ஊசி ஊசியாகக் குளிர் குத்தியது. வெளிச்சம் போகிறது, வெளிச்சம் போகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். ஐவியாக நடித்த ஜூலியட்டுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. தெல்மா ஓடிப்போய்க் கம்பளியைப் போர்த்தினாள், சூடாக டீ கொடுத்தாள், கம்பளியை வாங்கிக்கொண்டு அவளைக் கதவுப் பக்கம் அனுப்பினாள். மோதிரத்தை மறந்துவிட்டாள்.

தெல்மா பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். ஸ்டாக்போர்ட்டில் தொப்பித் தொழிற்சாலையில் பட்டை தைத்தாள். அங்கே பாதிப் பெண்கள் கல்யாணம் ஆனவர்கள், யாரும் கேட்டதில்லை. தொழிற்சாலையை மூடியபின் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அவளை நிரந்தரமாக்க மேலே பேசுவதாக உடைப் பிரிவின் தலைவி மிசஸ் பூத் சொல்லியிருந்தாள்.

"இந்தத் தொடர் முடியட்டும் தெல்மா. ஒரு சின்னத் தப்பு வரக்கூடாது, அவ்ளோதான். உன்னை நம்பித்தான் வாயைத் திறக்கப் போறேன்."

அந்த வார்த்தை இப்போது வயிற்றுக்குள் கல்லாகக் கிடந்தது. சுற்றிப் பார்த்தாள். தயாரிப்பாளர் ஏட்ரியன் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். கேமராக்காரர்கள் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று மிசஸ் பூத்திடம் போனாள். வாய் நிறைய குண்டூசியோடு ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ம்?"

"ஒண்ணுமில்ல, மிசஸ் பூத். டீ வேணுமான்னு கேக்க வந்தேன்."

டீ கொண்டுபோய்க் கொடுத்தபோதும் சொல்ல முடியவில்லை. தனக்கென்று வாங்கிவைத்த ஹாம் சாண்ட்விச்சைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாள். ஆண்கள் நிறைந்த அறையில் யார் கண்ணிலும் படாதது இனிமேலா படப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் பார்வையாளர்கள் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தபோது அந்தத் தைரியமும் போயிற்று. ஓல்டாமிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். எல்லோரும் வயதான பெண்கள். பதிவுக்கு முன் கூட்டத்தைச் சிரிக்கவைத்துச் சூடேற்றும் கென், மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் வம்பளந்தான்.

"என்ன சங்கம்மா நீங்க? தோட்டமா, தேவாலயமா?"

"பேங்க், டவுன் ஹால், தபாலாபீஸ். எல்லாம் ரிட்டயர் ஆன குமாஸ்தாக்கள்டா தம்பி."

"அடேங்கப்பா! இத்தனை பேரும் ஆபீஸா? அப்ப வீட்டுல யாரு சமைச்சா?"

"எங்கள்ல பாதிப் பேருக்குப் புருஷனே கிடையாதுடா. வேலையா புருஷனான்னு கேட்டாங்க. வேலைன்னு சொன்னோம்."

"உன்னைப் பாத்தா சரியாத்தான் சொல்லியிருக்கோம்னு தோணுது" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. பெஞ்சுகள் குலுங்கின.

அரங்கத் தட்டிக்குப் பின்னால் நின்ற தெல்மா அதைக் கேட்டாள். இவர்களுக்குத் தெரியாமல் போகுமா?

விளக்கு அணைந்தது. தெருக் காட்சி ஓடியது. தெல்மா டிவியைப் பார்க்கவில்லை. தட்டி இடுக்கு வழியாக அந்த முகங்களைப் பார்த்தாள். டிராம் வந்தது. தெரு வந்தது. கதவு வந்தது.

"அடியே, மோதிரம்!" ஒரு குரல் வீறிட்டது. "மோதிரத்தைக் கழட்டுடி!"

"ஐயோ, யாராவது பாத்துட்டா போச்சு!" என்றது இன்னொன்று. பெஞ்சு முழுக்கச் சலசலப்பு பரவியது. பதிவை நிறுத்தினார்கள். ஏதோ சாமான் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, கென் பழைய ஜோக் ஒன்றை ஆரம்பித்தான்.

தட்டிக்குப் பின்னால் ஜூலியட் கேட்டாள். "என்னத்துக்குக் கத்துறாங்க?"

"என் தப்பு." தெல்மா சொன்னாள். "கதவுகிட்ட உங்க கையிலேருந்து அதைக் கழட்ட மறந்துட்டேன். அவங்க பாத்துட்டாங்க."

"ஐயோ, தெல்மா! ஏட்ரியன் நம்ம ரெண்டு பேரையும் உரிச்சு உப்புத் தடவிடுவாரு. இப்ப என்ன பண்றது?"

தெல்மா யாருக்கும் யோசனை சொல்லிப் பழகாதவள். "போட்டுக்கிட்டே உள்ள போங்க" என்றாள். "அவங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே. உள்ள போய்க் கழட்டுங்க. மேற்பார்வை மேடம் தலையைக் குனியறப்போ."

ஜூலியட் நாடாவை அவிழ்த்து மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டாள்.

பதிவு மறுபடி தொடங்கியது. ஐவி உள்ளே வந்தாள். மேற்பார்வை மேடத்தின் மேஜை முன் வந்து நின்றபோதுதான் கையிலிருப்பதைப் பார்த்ததுபோல் நடித்தாள். கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். மோதிரம் லேசில் வரவில்லை. விளக்குச் சூட்டில் விரல் உப்பியிருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு "குட் மார்னிங், மேடம்" என்றாள். பின்னால் விரலைத் திருகிக்கொண்டேயிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. தட்டி இடுக்கில் தெல்மாவுக்குத் தெரிந்த முகங்களெல்லாம் ஐவியின் கையையே பார்த்தன. முன்வரிசையில் ஒரு பெண் தன் வலது கையால் இடது கையின் வெறும் மோதிர விரலைப் பொத்திக்கொண்டிருந்தாள். மோதிரம் கழன்று ஐவி அதை உள்ளங்கையில் மூடியதும் பெஞ்சுகள் மொத்தமாக மூச்சுவிட்டன.

பதிவு முடிந்ததும் ஏட்ரியன் படியிறங்கி வந்தார். "நகைச்சுவைத் தொடர்ல கருமாதி நடத்திட்டீங்களே! ஒரு சிரிப்பு வரலை. யாரு வேலை இது?"

ஜூலியட் வாயைத் திறக்குமுன் தெல்மா முன்னால் வந்தாள். "நான்தாங்க. தெருவுல கழட்ட மறந்தது நான். போட்டுக்கிட்டுப் போகச் சொன்னதும் நான்தான்."

"திங்கக்கிழமை பேசிக்கலாம்" என்றார் அவர். மிசஸ் பூத் கோட்டுகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சனியும் ஞாயிறும் தெல்மா வீட்டு ஜன்னல்களை உள்ளும் புறமும் துடைத்தாள். புருஷன் வில்ஃப் பஸ் ஓட்டுகிறவன். "ராணி ஏதும் வர்றாங்களா?" என்று கேட்டான். அவள் அடுத்த ஜன்னலுக்குப் போனாள். திங்கட்கிழமை பேசவேண்டியதைக் குளியலறையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஏட்ரியன் அவளைக் கூப்பிடவே இல்லை. மிசஸ் பூத்தான் கூப்பிட்டாள்.

"உக்காரு கண்ணு. தொடரை நிறுத்தறாங்க. இந்த ஆறு பகுதியோட சரி. பாக்கறவங்க கம்மியாம். புதுசா ஆளும் எடுக்க வேண்டாம்னுட்டாங்க. உன் பேரைச் சொன்னேன், காதுலயே வாங்கல."

"மோதிரம்..."

"எந்த மோதிரம்?" என்றாள் மிசஸ் பூத். பிறகு நினைவு வந்தவளாக, "ஓ, அதுவா! அதை யாரு இப்ப பேசறா?"

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தெல்மாவுக்கு அழுகை வரவில்லை. மூன்று நாள் வயிற்றில் கிடந்த கல் மட்டும் எங்கே இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே கிடந்தது.

மே மாதத்தில் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. அதற்குள் தெல்மா ஒரு துணிக்கடையில் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். வில்ஃப் தட்டில் பீன்ஸும் டோஸ்ட்டுமாக டிவி முன்னால் உட்கார்ந்தான். தெருக் காட்சியின்போது பெஞ்சிலிருந்து வீறிட்ட குரலை வெட்டியிருந்தார்கள். ஐவி கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனாள். விரலைத் திருகினாள்.

டிவிக்குள்ளிருந்து பெரிய சிரிப்பு கிளம்பியது. வேறு எந்த வாரத்துச் சிரிப்பையோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். வில்ஃபும் கூடச் சேர்ந்து சிரித்தான். பீன்ஸ் முழங்காலில் சிந்தியது.

"சிரிக்காத, வில்ஃப்."

"ஏன், என்னாச்சு?"

"அங்க யாருமே சிரிக்கல" என்றாள் தெல்மா. "நான் அங்கதான நின்னேன்."