நடு ரிங்கில் விழுந்த துண்டு

மூன்று மாதம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு சமைத்தேன், துவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போய் வந்தேன். அது உவரியில் ஒரு வீட்டு முற்றத்தில், மீன் கழுவிய தண்ணீரின் வாடைக்கு நடுவே, பாதி சிரிப்போடு முடிந்துபோனது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். பிள்ளையோடு பயணம் போகும்போது நான் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வாழைக்காய் மண்டி இருக்கிறது. அதை நடத்தும் அண்ணாச்சியும் என் கணவரும் குத்துச்சண்டைப் பிரியர்கள். ஊரெல்லாம் கிரிக்கெட் பேசும்போது, இவர்கள் இருவரும் வாழைத்தார் அடுக்கிய சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் பார்த்த ஒரு சண்டையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் மோதியவர் உவரிக்காரப் பெண். முகத்தில் அடிபட்டு ரத்தம் வழிய வழிய மூன்றாவது ரவுண்டை இடது கையாலேயே ஆடி ஜெயித்தவர். நான் மதியச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தச் சண்டை மறுபடி நடக்கும்.

"இடது புருவம் கிழிஞ்சிட்டுவே. ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குது. அவ தொடைக்கக்கூட இல்ல" என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்.

"வலது புருவம் அண்ணாச்சி. நான் அந்தப் பக்கம்லா இருந்தேன்."

"நீரு எங்க இருந்தீரு? நீரு சுக்குக்காப்பி வாங்கப் போயிட்டீரு. மூணாவது ரவுண்ட நீரு பாக்கவே இல்ல."

என் கணவருக்கு வேறொரு பெருமையும் உண்டு. வள்ளியூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் அந்த வீராங்கனை அவரிடம், "உவரி வண்டி போயிட்டா?" என்று கேட்டாராம். பதற்றத்தில் இவர், "போயிட்டு" என்று சொல்லிவிட்டாராம். அவர் வெளியே போன இரண்டாவது நிமிடம் உவரி வண்டி உள்ளே வந்ததாம். "பேசினேன்லா, அது போதும்" என்பார்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த என் மகளுக்கு அண்ணாச்சி மண்டி உத்தரத்தில் ஒரு வாழைத்தண்டைக் கட்டித் தொங்கவிட்டார். தார் வெட்டிய மரத்தின் தண்டு. குத்தக் குத்தத் தண்ணீர் தெறிக்கும், கை வலிக்காது. ஆனால் கறை பிடிக்கும். அவளுடைய கைப்பட்டை, சட்டை, துடைக்கும் துண்டு எல்லாவற்றிலும் பழுப்பாக வாழைக்கறை. அது எந்தச் சோப்புக்கும் போகாது. பிறகு வாரம் இரண்டு நாள் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனது கடமைக்காக. பஸ்ஸில் இருந்தபடியே தலையில் அடிபட்டால் என்னென்ன ஆகும் என்று போனில் படித்துக்கொண்டே போவேன். படிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் படிக்காமல் இருப்பது பொறுப்பில்லாத தாயின் வேலையோ என்றும் தோன்றும்.

அவளுடைய முதல் போட்டி பாளையங்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. அவளுக்குப் பதினொரு வயது. கோச்சுக்குத் துணைக்கு ஆள் இல்லை. "அக்கா, ரிங்கு மூலையில யாராவது நிக்கணும். நீங்க நில்லுங்க" என்று தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளைக்குக் கைப்பட்டை சுற்றப் போய்விட்டார்.

இரண்டாவது ரவுண்டில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நடுவர் சண்டையை நிறுத்தி, அவள் முன்னால் விரல்களை நீட்டி எட்டுவரை எண்ணினார். அவள் தலையாட்டினாள். சண்டை மறுபடி தொடங்கியது. அவள் பயப்படவில்லை என்பதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும், மூலையிலிருந்து துண்டை எறிந்தால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம் என்று மண்டியில் நூறு தடவை கேட்டிருந்தும், வாழைக்கறை படிந்த அந்தத் துண்டு என் கையை விட்டுப் போய் ரிங்கின் நடுவில் விழுந்தது.

நடுவர் இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். முடிந்தது. என் மகள் துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கை தவறிட்டு ளா" என்று அவளிடம் சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கும் அடுத்த வாரம் கைப்பட்டைகளைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நான் ஆசைப்பட்டது அதைத்தானே? ஆனால் நிம்மதி வரவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மண்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. பயந்தே விட்டுவிட்டாளா, என்னால் விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் துண்டைப் பற்றிப் பேச வேண்டி வரும். அண்ணாச்சி வேறு, நான் தூக்குச்சட்டியை நீட்டும்போதெல்லாம், "பைய, பைய. எறிஞ்சிராதிய தாயி" என்று ஆரம்பித்துவிடுவார். மண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

இப்படியிருக்கும்போதுதான், அந்த வீராங்கனை விடுமுறைக்கு உவரிக்கு வந்திருக்கிறார் என்று அண்ணாச்சிக்குச் செய்தி வந்தது. அண்ணாச்சி கோழிக்கூடு வகை வாழைப்பழத்தில் ஒரு முழுத் தாரைத் தேர்ந்தெடுத்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் பஸ் ஏறினோம். மகள் வரமாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள்தான் முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

கடலுக்கு இரண்டு தெரு உள்ளே ஓட்டு வீடு. முற்றத்தில் ஒரு பெண் நைட்டியோடு உட்கார்ந்து சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆண்களைப் பார்த்ததும் எழுந்து, கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எந்த வீட்டிலும் பெண்கள் நாங்கள் செய்வதுதான். அவர்தான் அந்த வீராங்கனை. எனக்கு அந்தத் துண்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த அண்ணாச்சிக்கு வாய் அடைத்துவிட்டது. தாரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அத எறக்கி வையுங்க அண்ணாச்சி. பாத்தாலே எனக்குத் தோள் வலிக்கு" என்றார் அவர்.

அதன் பிறகுதான் பேச்சு வந்தது. மதுரைச் சண்டையை அவருக்கே சொல்ல ஆரம்பித்தார்கள். இடது புருவமா, வலது புருவமா என்று அவர் முன்னாலேயே சண்டை போட்டார்கள். அவர் மீன் கையைக் கழுவிவிட்டு வந்து, கீழுதட்டை மடித்துக் காட்டினார். உள்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு.

"புருவம்லாம் இல்ல. உதடு. நீங்க ரெண்டு பேரும் யாரு சண்டையப் பாத்திய?"

அண்ணாச்சி என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். என் மகள் சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

சிரித்தவளைப் பக்கத்தில் அழைத்து, வீராங்கனை அவள் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். "குத்துத கைதான். ஆனா இப்ப குத்தல போல. ஏன் ளா விட்டுட்ட?"

அவள் பதில் சொல்லுமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "இவ அம்மா துண்ட எறிஞ்சிட்டால்லா! ரெண்டாவது ரவுண்டுல. நல்லா ஆடிக்கிட்டு இருந்த பிள்ளைக்கு."

"கை தவறிட்டு" என்றேன். பழகிப்போன வார்த்தை, தானாக வந்தது.

"எங்க விழுந்துச்சு?" என்றார் வீராங்கனை.

"நடு ரிங்குல" என்றாள் மகள்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கையைத் தளர்த்தினார். அது அவர் காலடியில் விழுந்தது. "கை தவறினா இங்கன விழும்" என்றார். "அங்கன போவணும்னா எறியணும்லா." பெரிய வேடிக்கையைச் சொன்னவர் மாதிரி சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

யாரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவரும் ஒரு வேடிக்கைக்குத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் பார்த்த அதே பார்வை.

"எறிஞ்சேன்" என்றேன். "வேணும்னுதான் எறிஞ்சேன். ரத்தத்தப் பாத்ததும் என்னால நிக்க முடியல ளா."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அப்ப ஏன் கேக்கல?"

"நீ கை தவறிட்டுன்னுதான சொன்ன." கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னு போட்டேன்னு நீ சொன்னா, இனிமே போடாதன்னு சொல்லலாம். கை தவறுதுன்னா என்னம்மா செய்ய? அடுத்த தடவயும் தவறும்லா."

அதனால்தான் விட்டுவிட்டாள். பயந்து இல்லை. என்னை வெறுத்தும் இல்லை. திருத்த முடியாத ஒரு கையை மூலையில் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் வழிந்தும் விட்டது.

அப்போது என் கணவர், என்ன நினைத்தாரோ, "அன்னைக்கு உவரி வண்டி போகல" என்றார்.

"என்ன வண்டி?" என்றார் வீராங்கனை.

"வள்ளியூர்ல நீங்க கேட்டிய. நான் போயிட்டுன்னு சொல்லிட்டேன். ஆனா போகல."

அவர் கண்ணை இடுக்கி இவரைப் பார்த்தார். "சேசுவே! அந்த ஆளு நீங்கதானா? பையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுக்கு அலைஞ்சேன்!" என்று அண்ணாச்சியின் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து இவர் மேல் எறிந்தார். இவர் அதைப் பிடித்துவிட்டார். அந்தப் பழத்தைத் தின்னாமல் ஊர்வரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை மகள் நாற்காலி போட்டு ஏறி அலமாரியிலிருந்து கைப்பட்டைகளை எடுத்தாள்.

அடுத்த போட்டியிலும் அதே கொட்டகை. இம்முறை கோச்சுக்குத் துணை ஆள் இருந்தார், நான் தேவையில்லை. ஆனாலும் மகள் துண்டை என்னிடம்தான் கொடுத்தாள். "நீயே வச்சுக்கோ. என்னால முடியலன்னா நானே ஒன்னப் பாப்பேன். அப்பப் போடு" என்றாள். மூன்று ரவுண்டு. மூக்கில் ரத்தம் வந்தது. நடுவர் எண்ணினார். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

பாயிண்டில் தோற்றுவிட்டாள். இறங்கி வந்து, என் கையில் கசங்கிக் கிடந்த துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தாள்.

"என்னம்மா, இப்படி ஈரமா இருக்கு?" என்றாள்.

என் கை வியர்வை என்று சொன்னேன். அது உண்மை.