செருப்பைக் கழற்றி ஏறும் கார்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்னவீடு இருந்தது. நாங்கள் பிழைக்க வந்த பலேர்மோ நகரில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நானும் அதில் ஏறித்தான் போய்வருவேன்.

சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரை கிடையாது. அவர் வேலை பார்த்த வீட்டு முதலாளி, சிஞ்ஞோர், இளந்தாரியாக இருந்தபோது பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, பெட்டியில் வந்த மேற்கூட்டுப் பாகங்களை அதன்மேல் பூட்டித் தன் கையாலேயே செய்தது. கிட் கார் என்பார்கள். பிறகு எஞ்சினையும் பெரிதாக மாற்றிப் பதிந்து வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் அந்த மனிசனைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். சிஞ்ஞோர் கண்ணை மூடியதும் அவர் மனைவி சிஞ்ஞோரா சாவியை எடுத்து இவர் கையில் வைத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கராஜில் அதைக் குடிவைத்தார். வேலை முடிந்து வந்தால் முதலில் அங்கேதான் போவார். என் கலியாணக் கூறை அலுமாரியில் பூச்சி அரித்துக்கொண்டு கிடக்க, அதற்கு வெல்வெட்டில் போர்வை தைப்பித்தார். ஒருநாள் தேத்தண்ணி கொண்டு இறங்கினேன். முன்விளக்கைத் துடைத்தபடி, "என்ரை ராசாத்தி, தூசு பிடிச்சிட்டுதோ" என்று கதைத்துக்கொண்டிருந்தார். நான் ஊரிலும் அவர் இஞ்சையுமாக இருந்த காலத்தில் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. தேத்தண்ணியைக் குடுக்காமலே திரும்பி மேலே ஏறினேன். எரியாதா பின்னே?

நல்ல சாமானைப் பாவிக்காமல் எடுத்து வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். நல்ல கோப்பை கண்ணாடி அலுமாரிக்குள். நல்ல சீலை கோயிலுக்கு மட்டும். காரையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிடம், இரண்டாம் கியரில், ஊர்ந்து ஊர்ந்து. பூசை முடிந்ததும் திரும்பப் போர்வைக்குள். இருக்கையில் போட்ட பிளாஸ்டிக் உறையை ஒருநாளும் கழற்றவில்லை. வெயில் காலத்தில் அது என் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுமப்பா" என்பார். நான் கோயில் சீலையோடு, செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு போய் இறங்குவேன். சனம் பார்த்துச் சிரிக்கும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரெவிசியோனே என்கிற வாகனச் சோதனை. அதில் புகையும் பார்ப்பார்கள். இந்தமுறை அது நெருங்கியபோது எங்களுக்குள் பெரிய சண்டை. "ஒண்டில் அவள், இல்லாட்டி நான்" என்று கத்தியேவிட்டேன். அவர் மடு மாதா படத்துக்கு முன்னால் கையை நீட்டி, "புகைச் சோதனையிலை பெயிலெண்டால் வித்துப்போடுறன். சரியே?" என்றார்.

"ஓம், சரி" என்றேன்.

அன்றிலிருந்து என் செபமாலை முழுக்க ஒரே மன்றாட்டுத்தான். மாதாவே, அது நல்லாய்ப் புகைக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் போனோம். சோதிக்கிறவர் சைலென்சர் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, எஞ்சினை உறுமவிட்டு, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெயில். என் வீட்டுக்காரர் அங்கிருந்த கதிரையில் பொத்தென்று குந்திவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருநாள்.

"இதை எங்கே ஓட்டுகிறாய்?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"கோயிலுக்கு."

"வேறே?"

"கோயிலிலிருந்து வீட்டுக்கு."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எஞ்சின் ஒருநாளும் ஒழுங்காகச் சூடேறியதில்லை, உள்ளே முழுக்கக் கரி என்றார். நெடுஞ்சாலையில் ஏற்றி, மூன்றாம் கியரிலேயே வைத்து, இரக்கம் பார்க்காமல் மிதித்து, கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவையும் தாண்டிப் போய்த் திரும்பி வா. மத்தியானம் ஒரு மணிக்கு நான் பூட்டுவதற்குள் வந்தால் இன்னொருமுறை பார்க்கிறேன் என்றார்.

நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். இவளோடு இவரைத் தனியே அனுப்ப எனக்கென்ன விசரா? செருப்பைக் கழற்றி ஏறிக் குந்தினேன்.

நெடுஞ்சாலையில் ஏறினதும் கொஞ்சம் மிதித்தார். எஞ்சின் கத்தியது. உடனே காலை எடுத்துவிட்டார். திரும்ப மிதித்தார், திரும்ப எடுத்தார். முதலில் வந்த பெற்றோல் நிலையத்தில் கொண்டுபோய் நிற்பாட்டினார். கண் கலங்கியிருந்தது.

"என்னாலை ஏலாதப்பா. அவளுக்கு நோகும்."

என் தலைக்குள் என்னவோ அறுந்தது.

"அவளுக்கு நோகுமோ? இவ்வளவு காலமாய் சிஞ்ஞோராமாற்ரை வீட்டு நிலம் துடைக்கிறன். என்ரை முழங்கால் நோகுதோ எண்டு ஒருநாள் கேட்டனீங்களோ? இறங்குங்கோ!"

நான் வேலைசெய்யும் வீட்டு சிஞ்ஞோராவை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போவது நான்தான், லைசென்ஸ் இருக்கிறது. இந்தக் காரின் ஸ்டியரிங்கைத்தான் ஒருநாளும் தொட்டதில்லை. பையிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டேன். அவருடைய இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பர்ரென்று கிழித்தெறிந்துவிட்டு அதில் குந்தினேன். நெடுஞ்சாலையில் ஏற்றி, மூன்றாம் கியரில் போட்டு மிதித்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, கரியைக் கழற்ற மிதிக்கவில்லை. சாகட்டும் என்றுதான் மிதித்தேன்.

பின்னால் ஒரே கறுப்புப் புகை. லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். "மெல்லமா, மெல்லமா!" என்று பக்கத்திலிருந்து அலறல். ராசாத்தியோ நீ, ராசாத்தி, இந்தா வாங்கு என்று இன்னும் அமத்தினேன். ஸ்ஃபெர்ராகவால்லோ தாண்டிக் கடல் தெரிந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். புகையைக் காணவில்லை. இருமலும் நின்றிருந்தது. மிதிக்க மிதிக்க இன்னும் மிதி என்று கேட்டது அந்தக் கார். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் விரைந்ததெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். இப்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. கியரில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடை அவள் ஒருநாளும் இப்பிடி ஓடினதில்லை" என்றார்.

அந்த முகம் எனக்கு நல்லாய்த் தெரியும். கராஜிலிருந்து படியேறி வந்து கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்.

ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. கம்பியைச் செருகினார்கள், உறுமவிட்டார்கள், பாஸ். என் மன்றாட்டை மாதா தள்ளிவிட்டார்; எனக்குக் கவலை வரவில்லை. சோதிக்கிறவர் கடதாசியை நீட்டி, "இனி வாரம் ஒருமுறை சிஞ்ஞோராவே ஓட்டட்டும்" என்றார்.

வாசலில் என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். "சாவியைத் தாருமப்பா."

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி அமர்ந்து, எட்டி மற்றப் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

நீட்டின கையை மடக்கிக்கொண்டார். பிறகு நடுவீதியில் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.