வேட்டி கட்டிய ஃபுட்வால்வு

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சர்வீஸ் என்ஜினியராக இருந்தேன். ஓர் ஆவணி மாதம் தாராபுரம் பக்கத்து விவசாயி ராமாத்தாள், பையிலிருந்து ஒரு இம்பெல்லரை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, இது இரும்புங்களா, இட்லிங்களா?"

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. இறக்கை முழுக்கப் பொடிக்குழி.

"கெணத்துல கல்லு வருதுங்க. போன தடவ மாத்துனதும் இப்படியே போச்சு. தண்ணி பத்தாம மஞ்சக்காடு வாடுதுங்க."

மறுநாள் அவர் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றின் பாதி உயரத்து மேடையில் மோட்டார். தண்ணீரோ வெகு கீழே. ஓடவிட்டதும் ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். தொட்டித் தண்ணீரில் துழாவினேன், ஒரு பொட்டு மணல் இல்லை. குழாயின் அடிமுனையிலிருக்கும் ஃபுட்வால்வைத் தூக்கச் சொன்னேன். அதைச் சுற்றிக் கொசுவலை, அதன்மேல் பழைய வேட்டி!

"கல்லு வரப்படாதுன்னு வலை கட்டுனமுங்க. சத்தம் அடங்குல. அப்பறம் வேட்டியும் கட்டிப்போட்டோம்," என்றார் ராமாத்தாளின் கணவர்.

சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தண்ணீர் வெகு கீழே இருந்தாலும், குழாய் வாயை அடைத்தாலும் உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறையும்; ரொம்பக் குறைந்தால் தண்ணீர் சூடாகாமலே குமிழி விடும். அழுத்தம் கூடும் இடத்தில் குமிழி நசுங்கும். உலோகத்தை ஒட்டி நசுங்கும்போது அந்தப் பக்கமிருந்து தண்ணீர் வர வழியில்லை. எதிர்ப்பக்கத் தண்ணீர் குமிழியைத் துளைத்து ஊசிபோல உலோகத்தில் பாயும். சத்தமும் அதுதான், குழியும் அதுதான். வேட்டி கட்டக் கட்டக் குமிழி கூடியிருக்கிறது.

"வேட்டிய அவுத்தாப் போதுங்களா?" என்று கேட்டார் ராமாத்தாள்.

"பத்தாதுங்க. மோட்டாரத் தண்ணிகிட்ட எறக்கோணும்."

"மழ பேஞ்சா முழுகிப்போகுமுங்களே!" கணவர் ஒப்பவே இல்லை.

அவர் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பயத்தில்தான் அங்கே பலரும் மோட்டாரை மேலேயே வைத்துப் பைப்பை மட்டும் நீட்டுவார்கள். ராமாத்தாள், இலை சுருண்டு நின்ற மஞ்சள் பயிரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்குங்க," என்றார்.

இறக்கி, புது இம்பெல்லர் போட்டோம். சத்தம் நின்றது, தொட்டியில் தண்ணீர் பருமனாக விழுந்தது. அதன்பிறகு எந்தக் கிணற்றுக்குப் போனாலும் ஃபுட்வால்வைத் தூக்கிப் பார்க்காமல் இம்பெல்லரின் இரும்பு வார்ப்பைக் குறை சொன்னதில்லை.

ஐப்பசியில் பெய்த ஒரே மழையில் கிணறு நிறைந்து மோட்டார் முழுகியது. ராமாத்தாள் டெம்போவில் அதை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்து, நானே பேச்சை முந்திக்கொண்டேன்.

"மஞ்சள் எப்படிங்க இருக்குது?" என்றேன்.

"இடுப்பொசரம் நிக்குதுங்க," என்று சிரித்தார். "மோட்டாருக்குப் புதுசாக் கம்பி சுத்தி ரீவைண்டிங் பண்ணிக்கலாம். காஞ்ச மஞ்சளுக்கு ஆருங்க வைண்டிங் பண்ணுவாங்க?"