சீட்டுக்கு அடியில் கூரைப் புடவை

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து ஆண், ஒரு பெண் என்று ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு... அது போகப் போக உங்களுக்கே தெரியும்.

போன வாரம் எங்கள் வேனின் சீட்டுகளுக்குப் புது ரெக்ஸின் தைத்தார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா, இம்மாம் பெரிய பெட்டி. உள்ள வெறும் செருப்பு கெடக்குது?"

பதில் சொல்ல, பத்து வருஷம் பின்னால் போக வேண்டும்.

பெரியவன் முருகேசன் அப்போதுதான் அந்தப் பழைய வேனை வாங்கியிருந்தான். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போக வேண்டும், வழியிலேயே சமைத்துப் படுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசாரியை வைத்து வேலை செய்தான். இரண்டு பக்கமும் நீளமான சீட். மூடியைத் தூக்கினால் பெட்டி. நடுவில் பலகை போட்டால் கட்டில். பின்னால் ஸ்டவ் வைக்க ஓர் அறை — தெருவே வந்து பார்த்தது.

முதல் சவாரி, கடைசி மகன் குமாரின் கல்யாணத்துக்கு. தேவிகாபுரத்தில் பெண் வீடு. விடியற்காலையில் நல்ல நேரம் பார்த்து முருகேசன் சாமான்களை ஏற்றினான். நாங்கள் ஏறும்போது கேட்டேன்.

"கூரப் பொடவ, தாலி எல்லாம் எங்கடா?"

"சீட்டுக்கு அடியில, பத்திரமா."

"கொலசாமி படம்?"

"எதிர் சீட்டுக்கு அடியில. ஜல்தி ஏறும்மா."

ஏறி என்ன செய்வது? தாலியின் மேல் உட்காருவதா, சாமியின் மேல் உட்காருவதா? ஏறியவர்கள் எல்லாம் கூரையில் தலை இடிக்கக் குனிந்து நின்றார்கள். பளபளவென்று இரண்டு சீட்டும் காலி.

"ஏத்துன சீர வண்டிய விட்டு எறக்கக் கூடாது," என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் புடவையை நெய்தவரே அவர்தான்.

மற்றவர்கள் நின்றபடியே வந்துவிடுவார்கள். என் மகள் கமலா? எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"கமலா வூட்லயே இருக்கட்டும்மா," என்றான் முருகேசன்.

"அப்ப நாத்தனார் முடிச்ச யார் போடறது? நீ போடறியா?" என்றாள் அவள். பேச்சு துடுக்குதான். கண் மட்டும் கலங்கியிருந்தது. தம்பிக்கு இருக்கும் ஒரே அக்கா...

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "தறியில இருந்தப்ப அந்தப் பொடவ எங்க சுருண்டுகினு இருந்துச்சு?"

"என் மடிகிட்டதான். ஏன்?"

"அப்ப மடி ஆவும். வண்டிய விட்டு எறக்கத்தான கூடாது? மூடியத் தூக்குடா."

புடவை அவர் மடிக்குப் போனது. தாலி என் மடிக்கு. குலசாமி பெரிய மருமகள் மடிக்கு. சீர்த் தட்டுகள் ஆளுக்கு ஒன்று. காலியான பெட்டிக்குள் எல்லோர் செருப்பும் போனது. அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்தோம்.

கமலாவும் கையை நீட்டினாள். "எனக்கும் ஒரு தட்டு குடும்மா."

"உன் மடியில ஏற்கனவே ஒரு சீர் கீது. சும்மா சாஞ்சுகினு வா."

மூன்றாவது முடிச்சை அவள்தான் போட்டாள்.

ஆசாரி எத்தனை பெட்டி வைத்தால் என்ன? இழக்க முடியாததை எல்லாம் மனுஷர்கள் மடியில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்குக் கமலா மடியில் வந்த சீர்தான், நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

பொன்னி, எங்க, ஒரு தடவ படிச்சுக் காட்டு. வெக்கப்பட்டுகினு கடைசி வரிய முழுங்கிடாத.