வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஓர் அறையின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மட்டும் வைத்தவர்கள், உள்ளே யாரை வைத்திருந்தார்கள்? இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. அதனால் பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை எடுத்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வீடு கப்பல்காரர் தங்கிய விடுதி என்பதை, பூட்டுத் திறப்பைக் கையில் தரும்போதுதான் வீட்டுக்கார அம்மா சொன்னார்.

“அந்தக் காலத்தில நல்ல குடும்பத்து ஆக்கள் இந்த ஒழுங்கையால நடக்கவும் மாட்டினமாம். குடி, சண்டை, பொம்பிளையள். இப்ப நீங்கள் வந்திட்டியள், இனி வீட்டுக்கு நல்ல பேர்தான்” என்று சிரித்தார்.

“அப்ப இந்தத் தாழ்ப்பாள், அன்ரி?”

“அது பழைய இரும்பு பிள்ளை. கழட்டினால் கதவும் சேர்ந்து வந்திடும்.”

குசினி கீழே, முற்றத்துக்கு அப்பால். மரப்படி செங்குத்தானது, பிடிக்கக் கைப்பிடி இல்லை. மகளுக்கு மூன்றரை வயது. நான் சோறு வடிக்கும் நேரத்தில் இறங்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்து, அந்தத் தாழ்ப்பாளைப் போட்டேன். பத்து நிமிடம்தான். பிறகு மீன் கழுவ, உடுப்புக் காயப்போட என்று தினமும் போட்டேன். முதல் நாள் கதறினாள். அடுத்த கிழமை சத்தமே இல்லை. பழகிவிட்டாள் என்று நிம்மதிப்பட்டேன். அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் திறந்தபோது, கதவின் அடியில் உட்பக்கம் இருந்த பழைய கீறல்களில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் குஞ்சு அம்மாவைக் கூப்பிடேல்ல?”

“அழுதால் திறக்க மாட்டினமாம். அந்த அக்கா சொன்னவ.”

“எந்த அக்கா?”

“இஞ்ச இருக்கிற அக்கா. அவவின்ர அம்மா இன்னும் வரேல்லையாம்.”

“சின்னப்பிள்ளைக் கதை. நீர் பயந்து அவளையும் பயப்படுத்தாதையும்” என்றார் கணவர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் மறுநாள் காலையே ஆணிகளை நெம்பித் தாழ்ப்பாளைக் கழற்றினேன். கதவு விழவில்லை.

இப்போது எங்கே போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. ஆனால் நான் “வா” என்று சொல்லும்வரை மகள் வாசலைத் தாண்டுவதில்லை. சொன்னதும், உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

வீடு மாறினால் இது தீருமா? அல்லது நான் பழக்கியதை இங்கேயே இருந்து நான்தான் மாற்ற வேண்டுமா? அந்த அக்காவைப் பற்றி அவளிடம் கேட்கலாமா, கேட்காமல் விடுவதா? பிள்ளை வளர்த்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.