லார்ச் மரங்கள் மஞ்சளான வாரம்

மார்லிஸுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய கோடையில் மலைப்பக்கத்து ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் வேலை. ஆகஸ்டில் ஊருக்குக் கிளம்பியபோது அங்கிருந்த சமையல்காரி கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “இன்னும் ஒரு மாசம் இருடி. செப்டம்பர் கடைசியில மேல லார்ச் மரமெல்லாம் மஞ்சளாயிடும். ஊசி ஊசியா இருக்குற இலை முழுக்கத் தங்கமா மாறும். ஒரு வாரம்தான், அப்புறம் கொட்டிப்போயிடும்.” மார்லிஸ் இருக்கவில்லை. மலையிலிருந்து ஒரு நாள் பயணத் தூரத்தில், சஸ்காச்சுவான் சமவெளியில், வின்யார்டு ஊருக்குத் தெற்கே, எய்னார் சிகுர்ட்சன் அவளுக்காகக் காத்திருந்தான்.

விவசாயியைக் கட்டிக்கொண்டவளுக்கு செப்டம்பர் ஏது? கோதுமையும் எண்ணெய் வித்துக் கனோலாவும் ஒன்றாக விளைந்து நிற்கும். எய்னார் அறுவடை எந்திரத்தில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவான். தானிய லாரி ஓட்டுவது மார்லிஸ். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் அவள்தான். மலைக்குப் போகலாமா என்று கேட்டால், “அறுப்பு முடியட்டும்” என்பான். அறுப்பு முடிவதற்குள் மலையில் பனி விழுந்து மரங்கள் மொட்டையாகியிருக்கும். கேட்பதும் மறுப்பதுமாக முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்காக அவர்கள் பெரிதாகச் சண்டை போட்டதும் இல்லை.

போன ஜூலையில் எய்னாருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சஸ்கட்டூன் மருத்துவமனையில் சோதித்துவிட்டு, இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை, இனிமேல் எந்திரத்தில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிலத்தைப் பக்கத்துப் பண்ணை லாரனுக்குக் குத்தகைக்கு விடுவதைத் தவிர வழியில்லை. திரும்பி வரும்போது கார் ஓட்டியது மார்லிஸ். பாதித் தூரம் வந்ததும் எய்னார் கேட்டான்:

“அப்ப இந்த செப்டம்பர்ல நாம சும்மாதான இருப்போம்?”

“ஆமா.”

“உன் மஞ்ச மரத்தப் பாக்கப் போவமா?”

மருத்துவமனையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதாள்.

விதைப்புக்குத் திட்டம் போடுவதுபோல எய்னார் பயணத்துக்குத் திட்டம் போட்டான். ஓட்டல் பேச்சே கிடையாது. “ஒரு ராத்திரி தூங்குறதுக்கு அவ்வளவு காசா? அதுக்கு ஒரு டயர் வாங்கிடலாம்” என்று சொல்லி, பழைய வேனின் பின்சீட்டைக் கழற்றி, பலகை அடித்து மெத்தை போட்டான். நாலு ஆணி அடித்ததும் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். கோடைக் கூட்டம் போன பிறகு கூடார மைதானங்களில் வாடகை பாதிதான். குளிக்க ஊர் நீச்சல்குளம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அவன் கண்டுபிடித்த வழி மார்லிஸை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தது. இலையுதிர்காலத்தில் சிற்றூர்தோறும் தேவாலயக் கூடத்தில் வான்கோழி விருந்து நடக்கும். எந்த ஊரில் எந்தக் கிழமை என்று விசாரித்து, அந்த ஊர்கள் வழியாகவே பாதையை வளைத்துவிட்டான்.

“இது மலைக்குப் போற பாதையா, கோழிக்குப் போற பாதையா?”

“ரெண்டுந்தான். வெறும் வயித்தோட போனா மரம் என்ன மஞ்சளாத் தெரியுமா, கறுப்பாத்தான் தெரியும்.”

அந்தப் பயணத்தில் இருந்ததுபோல அவர்கள் என்றுமே சந்தோஷமாக இருந்ததில்லை. ரோஸ்டவுனைத் தாண்டி ஒரு கூடத்தில், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து எய்னார் விளைச்சல் பேசினான். உப்பு ஆகாது என்பதால் அவன் தட்டிலிருந்த குழம்பை மார்லிஸ் வழித்து எடுத்தாள். “பாருங்கய்யா, திருடறா” என்று அவன் மேசைக்கே கேட்கக் கத்தினான். டிரம்ஹெல்லரில் ஆற்றங்கரை மைதானம் முழுக்க அவர்கள் இரண்டு பேர்தான். காலையில் வேன் கண்ணாடியில் பனிப்பூச்சு. போர்வைக்குள் இருந்தபடியே கைநீட்டி அடுப்பில் உருளைக்கிழங்கு வறுத்தாள். “இத்தன வருஷம் வீடு எதுக்குக் கட்டுனோம்னே தெரியல” என்றான் எய்னார்.

கனனாஸ்கிஸ் மலைச்சாலையில் மேலேறும் நடைபாதை தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வானம் துல்லியமாக இருந்தது. கீழேயிருந்து பார்த்தால் கரும்பச்சை மரங்கள் மட்டுமே தெரிந்தன. லார்ச் எல்லாம் ஏற்றத்துக்கு மேலே. முதல் வளைவுகூட வரவில்லை, எய்னார் ஒரு விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது.

“நான் வரல. நீ போ.”

“நீ இல்லாம எனக்கென்ன மரம் வேண்டிக் கெடக்கு? வா, திரும்புவோம்.”

“மார்லிஸ், இத்தன வருஷமும் உன்னப் போகவிடாதவன் நான்தான். இன்னைக்கும் நான்தான் தடுத்தேன்னு ஆகணுமா? போ.”

அவனை வேனுக்கு அழைத்துவந்து, போர்வை சுற்றி, பிளாஸ்கில் காப்பியும் கையில் போனும் கொடுத்தாள். கால்கரியிலிருந்து வந்த இரண்டு பெண்கள், “கரடி இருக்கும், தனியாப் போகாதீங்க, எங்ககூட வாங்க” என்றார்கள். போனாள்.

ஏற்றம் முடிந்து லார்ச் மரங்களுக்குள் நுழைந்ததும் மார்லிஸ் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளத்தாக்கு முழுக்க விளக்கேற்றியதுபோல மஞ்சள். அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பாறை, உச்சியில் புதுப்பனி. காற்றடித்தபோது ஊசியிலைகள் சத்தமில்லாமல் மழையாகப் பெய்தன. தலைமயிரிலும் சட்டைக் கழுத்துக்குள்ளும் விழுந்தன. வாய்விட்டுச் சிரித்தாள். பாறைமேல் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் கொடுத்த ஆப்பிளைத் தின்றாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள். எய்னார் கீழே இருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

திடீரென்று ஞாபகம் வந்தது. இறக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

எய்னார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாதையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆசையோடு கேட்டான்: “எப்படி இருந்துச்சு?”

அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு உண்மை வாயில் வரவில்லை. “பெருசா ஒண்ணுமில்ல. நம்மூர் பாப்ளார் மரம் மாதிரிதான். நீ ஒண்ணும் தவற விடல.”

“அப்படியா?”

“ஆமாங்கிறேன்.”

அவன் கண்ணாடியை மேலே ஏற்றினான். பெட்ரோல் போடும் இடம்வரை சாலையையே பார்த்தபடி வந்தான். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பரில் அவன் படுக்கையை விட்டு எழுவது குறைந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் லாரன் பார்க்க வந்திருந்தான். அடுப்படியில் சூப் கிளறிக்கொண்டிருந்தவள் காதில் எய்னாரின் குரல் விழுந்தது.

“பாவம்டா அவ. ஆயுசு பூரா ஆசப்பட்டா. போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்லையாம். தெரிஞ்சிருந்தா கடல் பக்கமாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். அதுக்கும் இப்ப வழியில்ல.”

லாரன் போனதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சளை, காற்றை, சட்டைக்குள் விழுந்த இலையை, ஆப்பிளை, தான் சிரித்ததை. அவனை மறந்துபோனதைக்கூடச் சொன்னாள். எய்னார் கண்மூடிக் கேட்டுவிட்டு அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

“நல்லாச் சொல்ற.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“எனக்காகச் சொல்ற.”

“ஐயோ, சத்தியமா எய்னார்! அன்னைக்குத்தான் பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“நீ வருத்தப்படக் கூடாதுன்னு.”

“இன்னைக்கும் அதுக்குத்தான சொல்ற?” அவன் சிரித்தான். கோபமே இல்லை அந்தச் சிரிப்பில். “விடு. சூப்பு அடிப்பிடிக்குது பாரு.”

மறுநாளும் சொன்னாள். யார் யாரோ எடுத்துப் போட்டிருந்த படங்களைப் போனில் தேடிக் காட்டினாள். “படத்துல எதுதான் நல்லா இல்ல?” என்றான். கால்கரிப் பெண்கள் அவளைப் படம் எடுத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பெயரைக்கூட அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை ஆத்திரம் தாங்காமல், “ஏன் நம்பமாட்டேங்கிற?” என்று கத்திவிட்டாள். “நம்புறேன், நம்புறேன்” என்றான், சமாதானத்துக்கு.

ஜனவரியில், கடுங்குளிர் நாட்களில் எய்னார் போய்விட்டான்.

சவ அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “மலைக்குப் போயிட்டு வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு?” என்று யாரோ கேட்டார்கள். மார்லிஸ் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், ஒன்றும் விடாமல். இழவு நாளில் இவ்வளவு பேசுகிறாளே என்று சிலர் பார்த்தார்கள். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

எய்னாரின் சித்தி மகள் தோரா மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, “அவன் பாத்தானா?” என்றாள்.

“இல்ல. கீழ வேன்ல இருந்தான்.”

 தோரா, ப்ளம்ஸ் வைத்த அடுக்குக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி, மார்லிஸின் தட்டில் வைத்தாள்.